பயாப்சி ரிப்போர்ட்டில் "கிரேட் 3" என்றால் நோய் முற்றிவிட்டதா?

கேள்வி: கல்முனையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 47 வயது. மார்புக் கட்டியில் பயாப்சி எடுத்து, புற்றுநோய், கிரேட் 3 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கடைசி ஸ்டேஜா? கிளினிக்கில் மாதவிடாய், பிள்ளைகள், பால் கொடுத்தது எல்லாம் ஏன் விசாரிக்கிறார்கள்?

பதில்: இல்லை தம்பி, கிரேட் வேறு, ஸ்டேஜ் வேறு. மட்டக்களப்பில் என் அக்காவின் ரிப்போர்ட் வந்தபோது எங்கள் வீட்டிலும் "3" என்ற இலக்கத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் உடைந்துபோனார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மைக்ரோஸ்கோப்பில் கட்டியின் கலங்கள் எப்படித் தெரிகின்றன என்பதுதான் கிரேட். கலங்கள் குழாய் போல ஒழுங்காகச் சேர்ந்திருக்கின்றனவா, கரு எவ்வளவு உருமாறியிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை புள்ளி போடுவார்கள். கூட்டுத்தொகை 8 அல்லது 9 என்றால் கிரேட் 3. வேகமாக வளரக்கூடிய கட்டி என்று அர்த்தம். பரவிவிட்டது என்று அல்ல. ஸ்டேஜைச் சொல்ல கட்டியின் அளவு, கமக்கட்டில் உள்ள நிணநீர்க் கணுக்கள், உடம்பின் மற்ற இடங்கள் எல்லாம் பார்க்க வேண்டும். கட்டி 2 சென்டிமீட்டருக்குள், கணுக்களில் ஒன்றுமில்லை, வேறெங்கும் பரவவில்லை என்றால் கிரேட் 3 ஆக இருந்தாலும் அது ஆரம்ப ஸ்டேஜ்தான்.

நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது ஈஆர், பீஆர் (கட்டிக் கலங்களில் ஹோர்மோனை ஏற்கும் புரதங்கள்), ஹெர்2 (கலங்களை வளரத் தூண்டும் ஒரு புரதம்) என்ற மூன்றையும். எந்த மருந்து என்பது பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது. ஈஆர் பொசிட்டிவ் என்றால் தமொக்சிஃபென் போன்ற குளிசை, குறைந்தது 5 வருடம். ஹெர்2 3+ என்றால் அதற்கென்றே ட்ராஸ்டுசுமாப் ஊசி உண்டு. 2+ என்றால் முடிவு இன்னும் வரவில்லை, ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை வேண்டும். மூன்றும் நெகட்டிவ் என்றால் ஹோர்மோன் குளிசை உதவாது, கீமோவைத்தான் முக்கியமாக நம்ப வேண்டும். இந்த வகை இளம் வயதுப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கேட்பதும் மருந்துக்காகத்தான். சில ஹோர்மோன் குளிசைகள், சூலகம் வேலை செய்யும் வரை தனியாகக் கொடுத்தால் பலன் தராது. அதனால் தயங்காமல் சரியான பதிலைச் சொல்லச் சொல்லுங்கள்.

பிள்ளைகள், தாய்ப்பால் பற்றிய கேள்விகளை மட்டும் அம்மா குற்றச்சாட்டாக எடுத்துவிடக் கூடாது. "பால் கொடுத்தவளுக்கு எப்படி வந்தது?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், எனக்கு அதைக் கேட்டால் கோபம்தான் வரும். 12 மாதம் பால் கொடுத்தால் ஆபத்து ஏறத்தாழ 4 வீதம் குறைகிறது, அவ்வளவுதான். பரம்பரைப் பேச்சும் அப்படியே. இந்த நோய் வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தாய்க்கோ சகோதரிக்கோ மகளுக்கோ இது இருந்ததில்லை. ஆனாலும் உங்கள் சித்தி, பெரியம்மாவை எம்ஓஎச் ஒபிஸில் (சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம்) நடக்கும் வெல் வுமன் கிளினிக்குக்கு (பெண்களுக்கான பரிசோதனை கிளினிக்) ஒருமுறை போகச் சொல்லுங்கள்.

அப்புறம், ரிப்போர்ட்டில் உள்ள ஆய்வுகூட இலக்கத்தைத் தனியாக எழுதி வையுங்கள். எடுத்த திசுவை மெழுகுக் கட்டியாக்கி வைத்திருப்பார்கள். ஈஆர், ஹெர்2 இன்னும் பார்க்கவில்லை என்றால் அதே மெழுகுக் கட்டியிலேயே செய்யலாம், அதைத் தேடி எடுக்க அந்த இலக்கம் வேண்டும்.