வாடகை வீட்டில் சென்சார் வைக்க ஹப் அவசியமா?

பெங்களூரில் இரண்டு அறை வாடகை வீடு, கதவுக்கும் மேல்தொட்டிக்கும் சென்சார் வைக்கணும், தனியா ஹப் (எல்லா சென்சாரையும் இணைத்து நடத்தும் சின்னப் பெட்டி) வேணுமான்னு கேட்டிருக்கீங்க. நாலஞ்சு சென்சாருக்கு மேல் போனால் வேணும். வைஃபை சென்சாருக்கு ஹப் தேவையில்லைதான், ஆனால் அது பேட்டரியைக் குடித்துவிடும். ஜிக்பி என்பது குறைந்த மின்சாரத்தில் ஓடும், ஹப் வழியாகப் பேசும் வயர்லெஸ் முறை; அந்த வகைக் கதவு சென்சார் ஒரு பட்டன் பேட்டரியில் வருஷக் கணக்கில் ஓடும்.

நான் முதலில் பார்ப்பது, நெட் இல்லாதபோதும் ஹப் தானே முடிவெடுக்குமா என்பதை. என் பழைய ஹப் எல்லாவற்றையும் கம்பெனி சர்வரைக் கேட்டுத்தான் செய்யும். ஒரு நாள் நெட் போய், மோட்டார் நிற்காமல் தொட்டி வழிந்து, கீழ்வீட்டு ஆன்ட்டி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. இப்போது ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில், வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள், கூட ஒரு ஜிக்பி யுஎஸ்பி ஸ்டிக், இதுதான் என் ஹப். அமைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். அதற்குப் பொறுமை இல்லையா, மேட்டர் (பல கம்பெனி சாதனங்களும் சேர்ந்து இயங்க உதவும் பொது முறை), ஜிக்பி இரண்டும் உள்ள ரெடிமேட் ஹப் வாங்குங்க.

ஜிக்பி பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையும் பேசும், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் வரும், அதனால் ஹப்பை ரூட்டர் மேலேயே வைக்காதீங்க. பேட்டரி சென்சார் மற்றதின் சிக்னலைக் கடத்தாது, பிளக்கில் செருகிய ஜிக்பி சாதனம்தான் கடத்தும். மாடிக்கு நடுவழியில் ஜிக்பி ஸ்மார்ட் பிளக் ஒன்று போடுங்க, ஆனால் கரண்ட் போனால் அதுவும் போச்சு, அப்போது தொட்டி சென்சார் ஹப்புக்கு எட்டாமல் போகலாம். ஹப்புக்கும் ரூட்டருக்கும் சின்ன யுபிஎஸ் கட்டாயம்.