பாலிமர் பிஸ்டல் வாங்கலாமா? எங்கே சுடுவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 34. சின்ன வயதிலிருந்தே கைத்துப்பாக்கி மேல் ஆசை. குளோக் மாதிரி பாலிமர் பாடி உள்ள பிஸ்டல் ஒன்றை லைசென்ஸோடு வாங்கி, காவேரிப்பட்டணம் பக்கம் உள்ள எங்கள் மாந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுட்டுப் பழகலாம் என்று திட்டம். லைசென்ஸ் கிடைக்குமா? பிளாஸ்டிக் பாடி நம்ம ஊர் வெயிலைத் தாங்குமா? 'இரும்புதான் நிற்கும்' என்கிறார் அண்ணன்.

பதில்: மாந்தோப்பை இன்றோடு மறந்துவிடுங்கள். பிஸ்டல் தோட்டா மாமரத்தோடு நின்றுவிடாது. குறி தவறினால் பல நூறு மீட்டர் தாண்டிப் போகும். துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சில் டார்கெட்டுக்குப் பின்னால் உயரமான மண் மேடு போட்டிருப்பது அதற்காகத்தான். தோப்புக்கு அந்தப் பக்கம் யார் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. லைசென்ஸ் கையில் இருந்தாலும், உரிமம் பெற்ற ரேஞ்சுக்கு வெளியே சுட்டுப் பழக அது அனுமதி ஆகாது. கல்யாணம், திருவிழா போன்ற கூட்டங்களில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் தனியாகவே தண்டனை வைத்திருக்கிறது: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்தது குளோக். உலகம் முழுக்கப் பேசப்படும் குளோக் 17, 9×19 மி.மீ. தோட்டாவைச் சுடும் பிஸ்டல். நம் நாட்டில் அந்தத் தோட்டா தடை செய்யப்பட்ட 'போர்' (bore, அதாவது குழலின் உள்விட்டம்) வகையில் வருகிறது. போலீசும் ராணுவமும் வைத்திருப்பது அதைத்தான். மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. போதாததற்கு, வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனி ஆள் இறக்குமதி செய்துகொள்ளும் வழி, பெயர் பெற்ற போட்டி வீரர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பல ஆண்டுகளாகவே மூடிக் கிடக்கிறது. 'பெங்களூரில் ஒருத்தர் ஏற்பாடு செய்து தருகிறார்' என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

உங்களுக்குத் திறந்திருப்பது தடையில்லாத போர்கள். பிஸ்டலில் அது பெரும்பாலும் .32 ஏசிபி. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1899-இல் வெளிவந்த தோட்டா, 7.65 மி.மீ. நம் அரசுத் தொழிற்சாலைகளின் .32 பிஸ்டல் இரும்பு பாடி. பாலிமர் பாடியில் .32 செய்யும் தனியார் உற்பத்தியாளர்களும் இப்போது இந்தியாவில் இருக்கிறார்கள். ஆக, பாலிமர் ஆசை நிறைவேற வழி உண்டு.

லைசென்ஸ் பற்றிச் சொல்கிறேன். மாவட்டத்தில் அதைத் தரும் அதிகாரம் கலெக்டருக்கு. உங்களுக்குக் கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகம். போலீஸ் விசாரணை அறிக்கை வரும், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று கேட்பார்கள், மனநலமும் உடல்நலமும் சரியாக இருக்கிறது, போதைப் பழக்கம் இல்லை என்ற மருத்துவச் சான்றும் வேண்டும். ஆனால் இவையெல்லாம் காகித வேலை. 'ஏன் வேண்டும்?' என்ற கேள்வியில்தான் பலருடைய மனு நின்றுபோகிறது. 'ஆசை' என்று எழுதினால் தள்ளுபடிதான். 2016 ஆயுத விதிகள் சொல்லும் காரணங்களில் உங்களுக்குப் பொருந்துவது ஒன்றே ஒன்று: உரிமம் பெற்ற ஷூட்டிங் கிளப்பிலோ ரைஃபிள் சங்கத்திலோ கடந்த 2 ஆண்டுகளாகத் தொடர்ந்து பயிற்சி செய்யும் உறுப்பினர், முறையாக இலக்குச் சுடுதல் கற்க விரும்புகிறவர் என்பது. உயிருக்கு ஆபத்து என்ற இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்களுக்கு அது இல்லாதபோது இருப்பதாக எழுதாதீர்கள். விசாரிக்க வரும் ஏட்டுக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மனு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடும் செய்யலாம். கிடைத்தால் 5 ஆண்டுக்குச் செல்லும்.

ஒரு விஷயம் இடையில் சொல்ல வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் குடும்பங்களில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி இன்னும் பரணில் கிடக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது லைசென்ஸ் இல்லாமல் இருந்தால், ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு முதலில் அதைப் போலீசில் ஒப்படையுங்கள். தடையில்லாத வகையே ஆனாலும் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. பிறகு உங்கள் பெயரில் லைசென்ஸ் வருவதே சந்தேகம்தான்.

இப்போது பிளாஸ்டிக். மோல்டிங் தெரிந்த உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். பாலிமர் பிஸ்டலில் பாலிமர் என்பது கைப்பிடியும் டிரிகர் கூடும் சேர்ந்த கீழ்ப்பாகம் மட்டும்தான். வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் பேரலும் (குழல்), அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் ஸ்டீல். ஸ்லைடு ஓடும் தண்டவாளம் பிளாஸ்டிக்கிலேயே வெட்டியது இல்லை. ஸ்டீல் துண்டுகளை அச்சுக்குள் வைத்து அதைச் சுற்றி நைலானை ஊற்றியிருப்பார்கள், நீங்கள் தினமும் பார்க்கிற இன்சர்ட் மோல்டிங்தான். 1970-இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோஹ் கம்பெனி விபி70 பிஸ்டலை இப்படிச் செய்தது. 12 ஆண்டு கழித்து வந்த குளோக் அதை உலகமே பின்பற்றும் வழியாக மாற்றிவிட்டது. இந்த வகை நைலான் உருக 200 டிகிரிக்கு மேல் வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வரும் சூடு அதன் கிட்டேகூடப் போகாது. அதற்காகக் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், திருடனுக்கு அது வசதி. வியர்வையில் துருப்பிடிப்பதும் ஸ்லைடுதான், பிளாஸ்டிக் இல்லை. சுட்டு முடித்ததும் ஸ்லைடைத் துடைத்து, தண்டவாளத்தில் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய் விட்டால் போதும். நிறைய விட்டால் புகைக்கரி ஒட்டிக் குழம்பாகிவிடும்.

அண்ணன் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. இரும்பு பிஸ்டல் கனமானது, அந்தக் கனமே உதைப்பில் பாதியை விழுங்கிவிடும். மேகஸின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றிய குளோக் 17 சுமார் 625 கிராம். பழைய இரும்பு .45 பிஸ்டல் ஒரு கிலோவைத் தாண்டும். லேசான பிஸ்டலை மணிக்கட்டு தளர்ந்த நிலையில் பிடித்தால், ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் காலி உறை வாயிலேயே சிக்கிக்கொள்ளும். புதியவர்கள் 'பிஸ்டல் சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது பெரும்பாலும் இதனால்தான். பிடியை இறுக்கினால் அதே பிஸ்டல் ஒழுங்காக ஓடும். .32 ஏசிபி தோட்டாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அடி விளிம்பு லேசாக வெளியே நீண்டிருக்கும். மேகஸினில் போடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் பூட்டிக்கொண்டு மேலே வராது. ஒவ்வொன்றையும் முன்னால் வைத்துப் பின்னால் தள்ளிப் போடுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. பாலிமர் பிஸ்டல்கள் பலவற்றில் கட்டைவிரலால் போடும் சேஃப்டி கிடையாது. டிரிகரை அழுத்தினால் வெடிக்கும், அவ்வளவுதான். சுட முடிவு செய்யும் வரை விரல் ஸ்லைடின் ஓரமாக நீண்டிருக்க வேண்டும். குளோக் வகையில் கழற்றுவதற்கே ஒருமுறை டிரிகரை அழுத்த வேண்டியிருக்கும், பழகியவர்களும் தவறுகிற இடம் அது. ஒருமுறை எங்கள் ரேஞ்சில் ஒருவர் ஸ்லைடை இழுத்தார், ஒரு தோட்டா மேசையில் உருண்டது, பிறகு மேகஸினை உருவினார். 'காலி சார்' என்றார். ஸ்லைடைப் பின்னால் பூட்டிக் காட்டச் சொன்னேன். உள்ளிருந்து இன்னொரு தோட்டா வெளியே குதித்தது. மேகஸின் இருக்கும்போதே ஸ்லைடை இழுத்ததால், ஒன்று வெளியே வந்த அதே நொடியில் அடுத்தது உள்ளே ஏறிவிட்டது. அவர் முகம் வெளுத்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். முதலில் மேகஸின், பிறகு ஸ்லைடு, பிறகு கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பது. இந்த வரிசை ஒருநாளும் மாறக் கூடாது.

லைசென்ஸ் வந்த பிறகு ஓசூர்க்காரர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. லைசென்ஸில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், ஜூஜூவாடியைத் தாண்டிக் கர்நாடகாவின் அத்திப்பள்ளிக்குள் பிஸ்டலோடு நுழைந்ததுமே குற்றம். நமக்கு அது பத்து நிமிடப் பயணம், அதனால் மறந்துவிடும். பெங்களூர் ரேஞ்சில் சுடும் எண்ணம் இருந்தால் மனு போடும்போதே அதைக் கேளுங்கள். தேர்தல் அறிவித்ததும் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்க உத்தரவு வந்தால், ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பிஸ்டல் ஸ்டீல் பீரோவில், தோட்டா வேறொரு பூட்டில். சாவி உங்களிடம் மட்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். 4.5 மி.மீ. போரும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. இதைக் குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒற்றைக் கையால், 1 மணி 15 நிமிடத்தில் 60 குண்டு. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். டிரிகரை உதறாமல் அழுத்துவது, சுட்ட பிறகும் பேரல் நுனியில் உள்ள குறிமுள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பது எல்லாம் இங்கே பழகினால் .32-க்கு அப்படியே கைகொடுக்கும். தினமும் ராத்திரி பத்து நிமிடம், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் காலி ஏர் பிஸ்டலின் டிரிகரை அழுத்திப் பழகுங்கள். குறிமுள் அசைந்தால் உடனே தெரியும்.

நீங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள, உரிமம் பெற்ற ஒரு கிளப்பில் இந்த மாதமே உறுப்பினராகுங்கள். சேரும் முன் அதன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், உரிமம் இல்லாத இடத்தில் செலவழித்த காலம் கணக்கில் வராது. ஒவ்வொரு நாளும் தேதி, சுட்ட எண்ணிக்கை, புள்ளி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். கிளப்பின் .22 பிஸ்டலில் மேற்பார்வையோடு சுட வாய்ப்பு வரும்போது அண்ணனையும் அழைத்துப் போங்கள். இரும்பா பாலிமரா என்ற பேச்சை அங்கே கையில் பிடித்துப் பார்த்தே முடித்துக்கொள்ளலாம். 2 ஆண்டு கழித்துக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும்போது அந்த நோட்டும் கிளப் கடிதமும்தான் உங்கள் மனுவின் மேல்தாள்.