அடுத்தவர் விழுந்தால் நமக்கு ஏன் இனிக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் புது கார் வாங்கிய வாரமே கதவில் நீளமாகக் கீறல். குப்பை போடுகிற சாக்கில் ரெண்டு தரம் போய்ப் பார்த்தேன். நான் கெட்டவனா அக்கா?

பதில்: இல்லை தம்பி. ஊர்ப் பெரிய முதலாளி கார் என்றால் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களைப் போலவே இருந்தவர் ஒரு படி மேலே போனதுதான் உறுத்தியது. ஜப்பானில் தகாஹாஷி குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 19 பேர் ஸ்கேனுக்குள் படுத்தபடி கதை படித்தார்கள். தன்னைப் போன்ற ஒருவர் தன்னைவிட உசத்தியாக இருப்பதைப் படித்தபோது, வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதி உசுப்பப்பட்டது. அதே ஆளுக்குக் கேடு வந்ததும், பரிசு கிடைத்தால் இயங்குகிற பகுதி. முதலில் எவ்வளவு வலித்ததோ, பிறகு அவ்வளவு இனித்தது.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாத்தனாருக்கும் மேலதிகாரிக்கும் மனநோய்ப் பட்டம் கட்டாதீர்கள். இது எல்லோருக்கும் வருகிற உணர்வு.

கேள்வி: இதற்குத் தமிழில் ஒரு சொல்?

பதில்: ஜெர்மனில் ‘ஷாடன்ஃப்ராய்டே’: கேடு, மகிழ்ச்சி இரண்டும் சேர்ந்த சொல். நாம் ‘நல்லா வேணும்’ என்கிறோம். கவனியுங்கள், அதில் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. பொறாமையை நியாயம் என்று நம்பவைப்பது இந்தச் சொல்தான்.

கேள்வி: கண் திருஷ்டி உண்மையா?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: இந்தக் குணம் பெண்களுக்குத்தானே அதிகம்?

பதில்: 2006-இல் மூளை ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு 16 ஆண்களையும் 16 பெண்களையும் சோதித்தது. விளையாட்டில் ஏமாற்றியவருக்குக் கையில் வலி கொடுக்கப்பட்டபோது, இரக்கம் வெகுவாகக் குறைந்து பரிசுப் பகுதி இயங்கியது ஆண்களுக்குத்தான்.

கேள்வி: அப்போ ஆண்கள் மோசம் என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவே இல்லை. அங்கே தண்டனை உடல்வலி. அவமானமோ பணநஷ்டமோ என்றால் முடிவு மாறலாம். ஏமாற்றாதவருக்கு வலித்தபோது ஆண்களுக்கும் இரக்கம் வந்தது, அதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: ஆய்வெல்லாம் எதற்கு? எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்தாலே தெரியும்.

பதில்: நாத்தனார் பற்றி மேலே சொன்னதுதான். இந்த வாதம் போதும்.

கேள்வி: பக்கத்து வீட்டு மாடியில் நீர்க்கசிவு. எனக்குச் சந்தோஷமாக...

பதில்: மறுபடியும் பக்கத்து வீடு. கார்க் கீறல் பதில் உங்களுக்கும்தான்.

கேள்வி: தங்கைக்கு விவாகரத்து. கேட்டதும் ஒரு நொடி நிம்மதி வந்தது. நேற்றிலிருந்து அழுகிறேன் அக்கா.

பதில்: சின்ன வயதிலிருந்தே அவளோடு ஒப்பிட்டு வளர்த்திருப்பார்கள். அந்த ஒரு நொடி அங்கிருந்து வந்தது, இந்த அழுகை அவள்மேல் உள்ள பாசத்திலிருந்து வருகிறது. இன்றைக்கே போன் போடுங்கள். காரணம் கேட்காதீர்கள், சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.