தாய்லாந்துல வேலை, தாய்லாந்துலயே ரிட்டயர்மென்ட்: கேட்டவங்களுக்கு என் பதில்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள பொறந்து வளந்தவன் நான். இப்போ 11 வருஷமா தெற்கு தாய்லாந்துல, ஹாட்யாய் பக்கம் ஒரு லேட்டக்ஸ் (ரப்பர் பால்) ஃபேக்டரில குவாலிட்டி செக்ஷன்ல வேலை. வயசு 48. ரிட்டயர் ஆனப்புறமும் அங்கயே இருக்கிறதுன்னு நானும் வீட்டுக்காரியும் முடிவு பண்ணிட்டோம். இந்த தடவ லீவுக்கு வந்ததுல இருந்து நம்ம பக்கத்து ஆளுங்க நெறைய பேரு கேள்வியா கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, எல்லாத்துக்கும் சேத்து இங்க எழுதிடுறேன்.

திருவட்டாறு தம்பி: அண்ணே, அந்த நாட்டுல அப்பிடி என்னத்த பாத்து மயங்கினீங்க? நம்ம ஊர்லயும் மழையும் ரப்பரும் இருக்கே?

தம்பி, மழையும் ரப்பரும் இருந்ததுனாலதான் மயங்கினேன். போன முதல் வாரம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கம் வராம வெளிய வந்து நிக்கேன், எதுத்தாப்ல தோட்டத்துக்குள்ள சின்ன சின்ன வெளிச்சமா மரத்துக்கு மரம் நகருது. தலையில லைட்ட கட்டிக்கிட்டு புருஷனும் பொண்டாட்டியுமா ரப்பர் வெட்டுறாங்க. குளிர்ந்த நேரத்துல வெட்டுனா பால் நல்லா ஓடும், அதுனால அங்க நடுராத்திரிலயே எறங்கிடுவாங்க. நம்ம அப்பா விடியக்காலம் கத்திய தீட்டிக்கிட்டு போவாரு, அதே சாய்வான வெட்டு, அதே கப்பு, மறுநாள் அதே ஒட்டுப்பால் நாத்தம். இங்க ஆர்ஆர்ஐஐ 105, அங்க பெரும்பாலும் ஆர்ஆர்ஐஎம் 600, மரத்தோட ரகம்தான் வேற. உலகத்துலயே அதிகமா இயற்கை ரப்பர் எடுக்கிற நாடு அது, அங்க ஒரு வெட்டுக்காரனுக்கு கிடைக்கிற மரியாதைய பாத்தப்போ இந்த ஊர் எனக்கு ஒத்து வரும்னு மனசுல பட்டுச்சு. கடற்கரையையும் பாங்காக் வெளிச்சத்தையும் பாத்து மயங்குறவங்க ஒரு மாசத்துல தெளிஞ்சிடுவாங்க, அத நெறைய பாத்துட்டேன்.

மார்த்தாண்டத்துல இருந்து, 31 வயசு, கெமிஸ்ட்ரி படிச்சவர்: வேலைக்கு எப்பிடி வர்றது? டூரிஸ்ட்டா வந்து தேடலாமா?

வந்து ஆளுங்கள பாக்கலாம், ஃபேக்டரிய பாக்கலாம், ஆனா வேலைய தொடக்கூடாது. இந்தியாக்காரங்களுக்கு 2024 ஜூலைல 60 நாள் விசா இல்லாம வரலாம்னு ஆக்குனாங்க, அது சுற்றிப் பாக்கத்தான் குடுத்தது, இப்போ எத்தன நாள்னு கெளம்பும்போது பாத்துக்கோங்க. வேலைன்னா கம்பெனி பேப்பர் குடுக்கணும், அத வச்சு "நான்-இமிக்ரன்ட் பி"ங்கிற வேலை விசா, அதுக்கப்புறம் வொர்க் பெர்மிட், ரெண்டும் தனித்தனி. சாதாரண கம்பெனின்னா ஒரு வெளிநாட்டு ஆளுக்கு நாலு தாய் ஆளு வேலைல இருக்கணும், 20 லட்சம் பாத் (பாத்ங்கிறது தாய் காசு) மூலதனம் காட்டணும். அதுனாலதான் சின்ன கம்பெனிக்காரன் வாயால "வா வா"ன்னு சொல்லுவான், பேப்பர் கேட்டா காணாம போயிடுவான். அந்த நாட்டு அரசாங்கத்தோட முதலீட்டு போர்டு அனுமதி வாங்குன கம்பெனிகளுக்கு இந்த கட்டுப்பாடு தளர்வு, அங்க முதல்ல தேடுங்க. ரப்பர் பக்கம் லேப் ஆளுக்கு தேவை இருக்கு, பால்ல டிஆர்சி (அதாவது உலர் ரப்பர் எத்தன சதவீதம்னு) பாக்க தெரியும், பால் கெடாம இருக்க போடுற அம்மோனியா கணக்கு தெரியும்னா உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கும். முடி வெட்டுறது, வண்டி ஓட்டுறது, டூரிஸ்ட் கைடு, தாய் மசாஜ், தெருவுல கடை போடுறது இதெல்லாம் அவங்க ஆளுங்களுக்கு மட்டும்னு சட்டத்துலயே இருக்கு.

சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டிக்கு 5 சதவீதம் பிடிப்பாங்க, அத கணக்குல வச்சுக்கோங்க. 180 மாசம், அதாவது 15 வருஷம் கட்டிட்டா 55 வயசுக்கு மேல வேலைய விட்டப்புறம் மாச பென்ஷன் வரும், வெளிநாட்டு ஆளுக்கும்தான். நான் இன்னும் நாலு வருஷம் இழுத்துப் பிடிக்கிறதே அதுக்குத்தான்.

களியக்காவிளையில இருந்து ஒரு அப்பா: பையனுக்கு தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு ஏஜென்ட் டிக்கெட்டே போட்டுக் குடுக்குறான், அனுப்பலாமா?

அண்ணாச்சி, தயவு செஞ்சு அனுப்பாதீங்க, இத நான் கெஞ்சி சொல்றேன். டிக்கெட்டு அவன் போடுறான், இன்டர்வியூ போன்லயே முடிஞ்சிருச்சு, வேலை "டேட்டா என்ட்ரி", எறங்குற ஊரு பாங்காக், ஆனா வேலை மே சோட் பக்கம்னு சொன்னா அது வேலையே இல்ல. மே சோட்ல ஒரு ஆத்த தாண்டுனா மியான்மர், அங்க மியாவாடி பக்கம் பெரிய பெரிய காம்பவுண்டுக்குள்ள பாஸ்போர்ட்ட புடுங்கி வச்சுக்கிட்டு ஆன்லைன்ல ஆளுங்கள ஏமாத்துற வேலைய செய்ய வைக்கிறாங்க. 2025 மார்ச்ல 283 இந்தியர்கள ஒரே நேரத்துல மே சோட்ல இருந்து நம்ம விமானப்படை விமானத்துலதான் கூட்டிட்டு வந்தாங்க. ஏஜென்ட் இ-மைக்ரேட்ல, அதாவது வெளிநாட்டு வேலைக்கான நம்ம அரசாங்க வெப்சைட்ல, பதிவு பண்ணுன ஆளான்னு பாருங்க. பையன் பத்தாவது தாண்டலன்னா பாஸ்போர்ட்ல ஈசிஆர் (எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேணும்ங்கிற குறி) இருக்கும், அந்த கிளியரன்ஸ் கேக்குற 18 நாட்டு லிஸ்ட்ல தாய்லாந்தும் உண்டு, அது இல்லாம வேலைக்கு போகவே முடியாது. விசா பேப்பர்ல கம்பெனி பேரு இல்லன்னா அந்த பேச்ச அங்கயே நிறுத்திடுங்க.

கொல்லங்கோடு பக்கத்துல இருந்து ரிட்டயர்ட் டீச்சர், 59 வயசு: பென்ஷன் வருது. நானும் அவரும் அங்க போய் இருக்க முடியுமா?

முடியும் டீச்சர், வயசு 50 தாண்டுனா ரிட்டயர்மென்ட் விசாக்கு வழி இருக்கு. பணம் முக்கியமா ரெண்டு விதமா காட்டலாம், ஒண்ணு மாசம் 65,000 பாத் வருமானம், இல்லன்னா அங்கத்த பேங்க்ல 8 லட்சம் பாத் டெபாசிட். ஒரு பாத்துக்கு ரெண்டரை ரூவாவுக்கு மேல வச்சுக்கோங்க, நம்ம டீச்சர் பென்ஷன் 65,000 பாத்துக்கு எட்டாது, அதுனால டெபாசிட்தான் உங்களுக்கு நேரான வழி, 20 லட்சம் ரூவாவுக்கு மேல. அந்த பணம் அப்ளை பண்றதுக்கு 2 மாசம் முன்னாடியே கெடக்கணும், அனுமதி குடுத்தப்புறம் 3 மாசம் தொடக்கூடாது, அதுக்கப்புறமும் 4 லட்சத்துக்கு கீழ எறங்கக்கூடாது. வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஃபீஸ் 1,900 பாத். ஊர்ல இருந்தே "ஓ-ஏ"ங்கிற ரிட்டயர்மென்ட் விசா போட்டுக்கிட்டு வர்றதா இருந்தா போலீஸ் சர்டிபிகேட், மெடிக்கல், 30 லட்சம் பாத்துக்கு இன்சூரன்ஸ் எல்லாம் கேப்பாங்க. 90 நாளைக்கு ஒரு தடவ நான் இந்த அட்ரஸ்லதான் இருக்கேன்னு இமிக்ரேஷன்ல சொல்லணும், மறக்கவே கூடாது.

எல்லாத்த விடவும் முக்கியமா ஒண்ணு, ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது விசா போகாம வெளிய போயிட்டு திரும்பி வர முன்னாடியே வாங்குற அனுமதி. 2019ல அப்பாவுக்கு முடியலன்னு ராத்திரி போன் வந்தது, விடிஞ்சதும் சடாவோ பார்டர் வழியா மலேசியாவுக்குள்ள எறங்கி, கோலாலம்பூர் போய் திருவனந்தபுரத்துக்கு பறந்தேன். பாஸ்போர்ட்ல அந்த முத்திரை இல்லாமலே வெளியேறிட்டேன். அப்பாவ பாத்துட்டேன், ஆனா திரும்பி வந்தப்போ கையில இருந்த ஒரு வருஷ அனுமதி செத்துப்போச்சு, விசால இருந்து திரும்ப ஆரம்பிச்சேன், நாலு மாசம் போச்சு. ஒரு தடவைக்கு 1,000 பாத், வருஷத்துக்கு எத்தன தடவனாலும் போய் வர 3,800 பாத். ஊர்ல வயசான ஆளு இருக்கிற வீட்டுக்காரங்க எல்லாரும் விசா கைக்கு வந்த அன்னைக்கே 3,800 கட்டி வாங்கி வச்சிடுங்க.

அதே டீச்சர்: ரிட்டயர்மென்ட் விசால இருந்துக்கிட்டு சும்மா நாலு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கலாமா?

கூடாது டீச்சர். காசு வாங்கினாலும் வாங்கலனாலும் அந்த விசால வேலைங்கிறதே கெடையாது. இது வேலைக்கதவு, அது ரிட்டயர்மென்ட் கதவு, ரெண்டுலயும் ஒரே நேரத்துல கால் வைக்க முடியாது. நம்ம ஆளு ஒருத்தர் வீட்ல சாப்பாடு பொங்கி பார்சல் குடுத்து மாட்டிக்கிட்டாரு, அபராதம் கட்டி ஊருக்கு திரும்பினாரு. வேலை செய்யணும்னு ஆசை இருந்தா முதல்ல வேலை விசால வாங்க.

பாறசாலைல இருந்து: 10 சென்ட் நெலம் வாங்கி ஓட்டு வீடு கட்டி ரெண்டு தென்ன வைக்கணும்.

நெலம் வெளிநாட்டுக்காரன் பேர்ல வராது. லீசுக்கு 30 வருஷம் எடுக்கலாம். ஃபிளாட் வாங்கலாம், ஒரு கட்டடத்துல மொத்த பரப்புல 49 சதவீதம் வரைக்கும் வெளிநாட்டுக்காரங்க பேர்ல இருக்கலாம், பணம் வெளிநாட்டு கரன்சியா உள்ள வந்ததுக்கு பேங்க் பேப்பர் வேணும். "நம்ம தாய் ஆளு பேர்ல ஒரு கம்பெனி போட்டு வாங்கிடலாம்"னு சொல்றவன் வாசல் பக்கம் போகாதீங்க, அது அங்க குற்றம். நான் வாடகைக்குத்தான் இருக்கேன், அந்த வீட்டுல ரெண்டு தென்ன இருக்கு. ஊர்ல இருந்து அனுப்புறதுக்கு ஒரு ஆளுக்கு வருஷம் ரெண்டரை லட்சம் டாலர் வரைக்கும் ரிசர்வ் பேங்க் விடும், அதுல 10 லட்சம் ரூவாவுக்கு மேல போனா டிசிஎஸ்னு ஒரு வரிய முன்கூட்டியே பிடிப்பாங்க, ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது அத கழிச்சுக்கலாம்.

வரி பத்தியும் ரெண்டு பேரு கேட்டாங்க, இங்கயே சொல்லிடுறேன். வருஷத்துல 180 நாள் இருந்துட்டா அங்க வரிக்கணக்குல வந்துடுவீங்க, 2024 ஜனவரி 1ல இருந்து வெளிநாட்டுல சம்பாதிச்சு உள்ள கொண்டு வர்ற வருமானத்தையும் பாக்குறாங்க. ரெண்டு நாட்டுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கு, கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசுங்க.

செங்கோட்டைல இருந்து: சாரல் பழகுன ஒடம்பு, அங்கத்த கிளைமேட் ஒத்துக்குமா?

ஒத்துக்கும். ஆனா ஊர் எதுன்னு பாத்து முடிவு பண்ணுங்க. வடக்க சியாங் மாய் பக்கம் பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் வயல் காட்ட எரிச்சு புகை மண்டிடும், மூச்சு எளைக்கிறவங்களுக்கு ஆகவே ஆகாது. ஃபூக்கெட் பக்கம் மே தொட்டு அக்டோபர் வரைக்கும் தென்மேற்கு மழை. எங்க ஹாட்யாய்க்கு வடகிழக்கு பருவமழை, நம்ம ஐப்பசி கார்த்திகை மாதிரியேதான். அந்த ஊர் ஒரு தட்டு மாதிரி, சுத்தி மலை, 2000, 2010, அப்புறம் 2025 நவம்பர் எல்லாம் ஊரே முங்கிடுச்சு. 2025ல ஒரே நாள்ல 335 மில்லிமீட்டர் கொட்டுச்சு. நாங்க மூணு நாள் மாடில, கரண்ட் இல்ல, எதுத்த வீட்டு அம்மா ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி சோறு அனுப்புனாங்க. ஒக்கி புயல் அன்னைக்கு நம்ம ஊர்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடித்தான் மனசு இருந்தது. அதுனால டிசம்பர் கடைசில லீவுக்கு வந்து பாத்துட்டு முடிவெடுக்காதீங்க, நவம்பர்ல வாங்க. வாடகைக்கு வீடு பாக்கும்போது செவுத்துல தண்ணி நின்ன கறை எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க, மாடியும் கேளுங்க.

சுசீந்திரத்துல இருந்து ஒரு அம்மா: சுத்த சைவம், அங்க நம்ம தமிழ் கோயில் ஏதாவது உண்டா?

உண்டும்மா. பாங்காக்ல சீலோம் தெருவுல மாரியம்மன் கோயில், நம்ம தமிழ் ஆளுங்க கட்டுனது, தாய் ஜனங்களே வரிசைல நின்னு கும்பிடுறாங்க. இன்னொண்ணு சொன்னா ஆச்சரியப்படுவீங்க, அங்கத்த அரண்மனை பிராமணங்க மார்கழி தை சமயத்துல ஒரு சடங்கு செய்றாங்க, பேரு த்ரீயம்பவாய், நம்ம திருவெம்பாவைதான், மாணிக்கவாசகர் பாட்டதான் தலைமுறை தலைமுறையா ஓதுறாங்க, உச்சரிப்பு மாறி அவங்களுக்கே அர்த்தம் தெரியாம போச்சு. பாங்காக்ல செவப்பா ஒசந்து நிக்கிற பெரிய ஊஞ்சல் இந்த சடங்குக்கு கட்டுனதுதான்.

சாப்பாட்டுக்கு "ஜே"ன்னு கேளுங்க, கடை வாசல்ல மஞ்சக் கொடில செவப்பு எழுத்து இருக்கும், அதுல வெங்காயம் பூண்டு கூட இருக்காது. மத்த கடைல "கறி வேண்டாம்"னு சொன்னாலும் மீன் சாறு ஊத்திடுவாங்க, அது அவங்களுக்கு உப்பு மாதிரி. மரச்சீனி, சக்க, ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் நம்ம ஊர் மாதிரியே.

தக்கலைல இருந்து: பாஷ கஷ்டமா?

மெய்யெழுத்து 44, பழகிடலாம். ராகம்தான் கஷ்டம், அஞ்சு ராகம். "காவ்"ன்னு ராகத்த மாத்தி மாத்தி சொன்னா சோறு, வெள்ளை, செய்தின்னு மாறும். ஆறு மாசம் வகுப்புக்கு போங்க. நிரந்தரமா தங்குற அனுமதி கேக்குறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், மூணு வருஷம் தொடர்ந்து அனுமதில இருந்திருக்கணும், ஒரு நாட்டுக்கு வருஷம் 100 பேருக்குத்தான் குடுப்பாங்க, நேர்முகத்துல தாய்லதான் கேப்பாங்க.

புதுக்கடை அக்கா: உங்க வீட்டுக்காரிக்கு உண்மையிலயே பிடிச்சிருக்கா? இல்ல உங்களுக்காக இருக்காளா?

அக்கா, முதல் ரெண்டு வருஷம் அழுதா. பகல்ல நான் ஃபேக்டரிக்கு போயிடுவேன், பேச ஆள் இல்ல. ஊர்ல இருந்து கொண்டு போன முருங்க விதைய பொறத்தால போட்டா, அது தழைச்சப்போ பக்கத்து வீட்டு அம்மா வந்து எட்டிப் பாத்துட்டு இது என்னன்னு கேட்டாங்க. அன்னைக்கு ஒரு கொத்து கீர போச்சு, மறுநாள் அங்க இருந்து முட்ட போட்டு வதக்குன லியாங் கீர ஒரு கிண்ணம் வந்துச்சு. இப்போ சந்தைல அவ பேரம் பேசுற வேகத்துக்கு எனக்கு புரியவே மாட்டேங்குது. ஆனா அவ அம்மா ஊர்ல தனியா இருக்காங்க, அத விட்டுட்டு மொத்தமா போக முடியாதுன்னு சொல்லிட்டா, அது நியாயம்தான். அதுனால எட்டு மாசம் அங்க, மழை நேரம் உட்பட நாலு மாசம் இங்கன்னு பேசி வச்சிருக்கோம். எனக்கு வேலை முடியும்போது 50 தாண்டியிருக்கும், அவளுக்கு 50 ஆக இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கும், அதுவரைக்கும் அவ என்னோட டிபென்டென்ட்டா இருக்கலாம், ரெண்டு பேருக்கும் 3,800 பாத் பெர்மிட்டு. கொச்சில இருந்து பாங்காக்குக்கு நேரடி ஃப்ளைட் இருக்கு, அத்தைக்கு ஒண்ணுன்னா மறுநாள் அவ வீட்டு வாசல்ல நிப்பா.