லேயில் ஜெர்சிக் கலப்பினப் பசுவுக்கு அலைதாடி வீக்கம்

சமவெளியிலிருந்து லடாக்கின் லேக்கு (3,500 மீட்டர் உயரம்) கொண்டுபோன பசுவுக்கு அலைதாடி (கழுத்தின் கீழ் தொங்கும் தோல்) வீங்கி, ஊசி போட்டும் வற்றவில்லை என்கிறீர்களே, அது பெரும்பாலும் சீழ் இல்லை. இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்ததால் தேங்கிய நீர்.

ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் தமனிகள் சுருங்கும். மாட்டுக்கு அந்தத் தமனிச் சுவரில் தசை தடிமன். அழுத்தம் ஏறி வலது கீழறை களைத்துப்போகும். இமயமலை மாடான யாக்குக்குச் சுவர் மெல்லியது, சுருக்கமும் குறைவு. அதனால்தான் அதே உயரத்தில் அசராமல் மேய்கிறது.

வீக்கத்தை விரலால் பத்து விநாடி அழுத்துங்கள். பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி நின்றால் நீர்தான். தலை நிமிர்ந்திருக்கும்போதும் கழுத்துச் சிரை புடைத்திருக்கிறதா பாருங்கள்.

கம்பி, ஆணி விழுங்கி இதய உறையில் குத்தினாலும் இதே அறிகுறிகள் வரும். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு, தாழ்வான இடத்துக்கு இறக்குங்கள். நடத்தாதீர்கள், வண்டிதான். மணாலி வழி வேண்டவே வேண்டாம், அங்கே தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டும். ஸ்ரீநகர் வழியில் ஃபோட்டு லா கணவாய் சுமார் 4,100 மீட்டர்தான்.