சலான் எங்கே? – கம்பெனி ஃபைலிங் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஆண்டு ஃபைலிங் பற்றியவை. செப்டம்பர் நெருங்கினாலே இப்படித்தான். ஒரே சந்தேகத்தை நாலைந்து பேர் எழுதியிருக்கும் இடங்களில் ஒருவருக்குச் சொன்ன பதிலையே மற்றவர்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் எங்கள் பிரைவேட் லிமிடெட்டில் ஒரு பில் கூடப் போடவில்லை. இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுவிட்டோம். ஆர்.ஓ.சி.யிலும் (கம்பெனிப் பதிவாளரிடமும்) ஃபைல் பண்ண வேண்டுமா? (வியாசர்பாடி)

வேண்டும். வியாபாரம் நின்றாலும் கம்பெனி பதிவேட்டில் உயிரோடுதான் இருக்கிறது. ஆடிட் உண்டு, ஏ.ஜி.எம். (ஆண்டுப் பொதுக்கூட்டம்) உண்டு, கணக்கறிக்கைக்கான ஏ.ஓ.சி-4 படிவம் உண்டு, ஆண்டு ரிட்டர்னுக்கான எம்.ஜி.டி-7ஏ (சின்னக் கம்பெனி இல்லை என்றால் எம்.ஜி.டி-7) உண்டு. நீங்கள் போட்ட ரிட்டர்ன் வருமான வரித் துறைக்கு. ஆர்.ஓ.சி. வேறு, அங்கே போட்டது இங்கே வராது. ஜி.எஸ்.டி.க்கும் இதே பதில்தான்.

கடைசித் தேதிகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். (கொடுங்கையூர்)

மார்ச் 31-இல் கணக்கு முடிந்தால் செப்டம்பர் 30-க்குள் ஏ.ஜி.எம். அங்கிருந்து 30 நாளில் ஏ.ஓ.சி-4, 60 நாளில் எம்.ஜி.டி-7 அல்லது 7ஏ. கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு எம்.சி.ஏ. (கம்பெனி விவகார அமைச்சகம்) போர்ட்டலில் உட்காராதீர்கள். அன்றைக்கென்று பார்த்துத்தான் டிஜிட்டல் கையெழுத்து மாட்டிக்கொள்ளும்.

இரண்டு வருஷம் விட்டுப்போச்சு. எவ்வளவு கட்ட வேண்டும்? சலுகைத் திட்டம் ஏதாவது வருமா? (மாதவரம்)

எந்த இரண்டு வருஷம் என்று எழுதவில்லை. கம்பெனியா எல்.எல்.பி.யா (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையா) என்றும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது? கம்பெனி என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு படிவத்துக்கு, ஒரு நாளைக்கு, 100 ரூபாய். இதற்கு உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவம் ஒரு வருஷம் தாமதமானால் 73 ஆயிரம். பழைய வருஷத்துக்கு இரண்டு வருஷத் தாமதம், அடுத்ததுக்கு ஒரு வருஷத் தாமதம் என்று கூட்டினால் ஏறக்குறைய இரண்டேகால் லட்சம். ஏ.ஜி.எம். நடத்தவே இல்லை, அதனால் நாள் ஓடாது என்று நினைக்க வேண்டாம். நடத்தியிருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து ஓடும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து மூன்றாவது வருஷம். தொடர்ந்து மூன்று நிதியாண்டு ஃபைல் பண்ணாவிட்டால் 164(2) பிரிவின்படி டைரக்டர்கள் ஐந்து வருஷத்துக்குத் தகுதி இழப்பார்கள். 2017-இல் நாடு முழுக்க மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் இப்படி மாட்டினார்கள். சலுகைத் திட்டங்கள் 2018-இலும் 2020-இலும் வந்தன. வந்தால் முதல் நாளே பயன்படுத்துங்கள், வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நாலு படிவத்துக்கும் சேர்த்து 400 ரூபாய் ஏறுகிறது.

எங்கள் கன்சல்டன்டிடம்தான் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கம்ப்யூட்டரில் செருகும் சின்னக் கருவி) இருக்கிறது. வருஷா வருஷம் அவரே பார்த்துக்கொள்கிறார். இந்த வருஷம் அரசாங்கக் கட்டணம் மட்டும் 12 ஆயிரம் என்கிறார். சரியா? (ராயபுரம்)

சரியில்லை. நேரத்தில் போட்டால் ஒரு படிவத்துக்கு அரசாங்கக் கட்டணம், மூலதனத்தைப் பொறுத்து 200 முதல் 600 ரூபாய்தான். இரண்டு படிவத்துக்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் தாண்டாது. 12 ஆயிரம் என்றால் ஒன்று தாமதக் கட்டணம் உள்ளே இருக்கிறது, இல்லை அவருடைய ஃபீஸ் அந்தப் பெயரில் வருகிறது. அவருடைய உழைப்புக்கு ஃபீஸ் வாங்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் அரசாங்கத்துக்குக் கட்டியது என்றால் சலான் இருக்கும். சலானைக் கேளுங்கள். அதில் எஸ்.ஆர்.என். எண் (அந்த ஃபைலிங்குக்கான சேவைக் கோரிக்கை எண்), தேதி, தொகை மூன்றும் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த 12 ஆயிரம் இல்லை, டோக்கன். இதைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். அந்த டோக்கன் உங்கள் கையெழுத்து. வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுத்துவிட்டு வருவீர்களா?

சில வருஷத்துக்கு முன் ஐஸ் வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பி இருவர் என்னிடம் வந்தார்கள். பேங்கில் லோன் கேட்டபோதுதான் இருவரும் தகுதி இழந்த டைரக்டர்கள் என்பதே தெரிந்ததாம். "வருஷம் தவறாமப் பணம் குடுத்தோம் சார்" என்று ஒரு ஜவுளிக்கடைப் பையை என் மேசையில் கவிழ்த்தார் அண்ணன். ஐந்து வருஷத்துப் படிவங்களின் அச்சு அழகாகப் பைண்டு பண்ணி இருந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒரு சலான் கூட இல்லை. படிவத்தை நிரப்பி, பிரிண்ட் எடுத்து, பைண்டு பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். சமர்ப்பிக்கவே இல்லை.

மறுநாள் அவர்களோடு அந்த ஆபீசுக்குப் போனேன். டோக்கனைக் கேட்டதும் உதவியாளர் மேசை டிராயரை இழுத்தார். உள்ளே நாற்பது ஐம்பது டோக்கன்கள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவில் கம்பெனி பெயர். திருப்பினால் பின்பக்கம் பாஸ்வேர்டு. தம்பியின் டோக்கனைத் தேடி எடுத்துக் கொடுக்கவே கால் மணி நேரம் ஆனது. அத்தனை கம்பெனிக்காரர்களும் "அவர் பார்த்துப்பார்" என்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆகவே ராயபுரம் வாசகரே, இந்த வாரமே போய் டோக்கனை வாங்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். போர்ட்டலில் உங்கள் கம்பெனிக்கு யாருடைய இமெயில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கன்சல்டன்டின் இமெயில் இருந்தால் நோட்டீஸ் எல்லாம் அவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும், உங்களுக்கு ஒன்றும் வராது. அப்புறம் எம்.சி.ஏ. போர்ட்டலில் கம்பெனி மாஸ்டர் டேட்டாவைத் திறந்து பாருங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. கடைசி ஏ.ஜி.எம். தேதி, கடைசி பேலன்ஸ் ஷீட் தேதி இரண்டும் அங்கே இருக்கும். அதில் பழைய வருஷம் நின்றால் உங்களிடம் எத்தனை பைண்டு இருந்தாலும் ஃபைல் ஆகவில்லை என்று அர்த்தம். ஆடிட் ரிப்போர்ட்டில் 18 இலக்க யு.டி.ஐ.என். (ஆடிட்டர் தரும் ஆவண அடையாள எண்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண்ணை ஐ.சி.ஏ.ஐ. (பட்டயக் கணக்காளர் நிறுவனம்) தளத்தில் யாரும் சரிபார்க்கலாம், ஐந்து நிமிஷ வேலை.

கையெழுத்துப் போடும்போது உங்கள் கையால் டோக்கனைச் செருகுங்கள், வேலை முடிந்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். நல்ல ஆடிட்டர், நல்ல கம்பெனி செகரட்டரி யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

செப்டம்பர் 30 எல்லோருக்கும் வேலை. காந்தி ஜெயந்தி லீவில் ஏ.ஜி.எம். வைக்கலாமா? (காசிமேடு)

கூடாது. அக்டோபர் 2 தேசிய விடுமுறை, அன்று ஏ.ஜி.எம். நடத்தச் சட்டம் இடம் தரவில்லை. செப்டம்பர் 30-உம் தாண்டிவிடும். முந்தின ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். காலை 9 முதல் மாலை 6-க்குள் தொடங்க வேண்டும், 21 நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும்.

எல்.எல்.பி.க்கும் இதே படிவங்களா? (மணலி)

இல்லை. படிவம் 11 மே 30-க்குள், படிவம் 8 அக்டோபர் 30-க்குள். ஏ.ஜி.எம். கிடையாது. விற்றுமுதல் 40 லட்சத்தையோ பங்களிப்பு 25 லட்சத்தையோ தாண்டாவிட்டால் எல்.எல்.பி. சட்டப்படி ஆடிட் கட்டாயமில்லை. ஆனால் ஒரு ரூபாய் வரவு இல்லாவிட்டாலும் இரண்டு படிவமும் உண்டு. சலானை வாங்கி வையுங்கள்.

நாங்கள் பார்ட்னர்ஷிப் ஃபர்ம். ஆர்.ஓ.சி.யில் என்ன போட வேண்டும்? (சௌகார்பேட்டை)

ஒன்றும் இல்லை. நீங்கள் பதிவாகியிருப்பது ஃபர்ம் பதிவாளரிடம். அங்கே வருஷாந்தர ரிட்டர்ன் கிடையாது. பார்ட்னர் மாறினால், விலாசம் மாறினால் தெரிவித்துவிடுங்கள்.

கம்பெனியை மூடிவிட நினைக்கிறோம். அப்படியே விட்டால் அவர்களே பெயரை எடுத்துவிடுவார்களாமே? (எண்ணூர்)

அந்த யோசனை சொன்னவரிடம் இனி எதையும் கேட்காதீர்கள். ஆர்.ஓ.சி. தானாக நீக்கும் வரை தாமதக் கட்டணம் ஏறும், மூன்று வருஷம் ஆனால் தகுதி இழப்பும் வரும். முறையாக மூட எஸ்.டி.கே-2 படிவம் இருக்கிறது, கட்டணம் 10 ஆயிரம். கடன் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். வியாபாரம் நின்ற நிதியாண்டு வரைக்குமான ஆண்டு ஃபைலிங்கை முடித்த பிறகுதான் அதை ஏற்பார்கள். கொஞ்ச காலம் கழித்துத் திரும்ப நடத்தும் எண்ணம் இருந்தால் 455-ஆம் பிரிவின் கீழ் செயலற்ற கம்பெனி என்ற நிலையைக் கேட்கலாம். ஒரு தடவை பெயர் நீக்கப்பட்டுவிட்டால் மீட்க ராஜாஜி சாலையில் இருக்கும் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும். வக்கீல் ஃபீஸையும் சேர்த்துப் பார்த்தால் இப்போது முறையாக மூடுவது எவ்வளவோ மலிவு.

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூருக்கு ஆபீஸ் மாறிவிட்டோம். ஆண்டறிக்கையில் புது விலாசம் போட்டால் போதுமா?

போதாது. விலாச மாற்றத்துக்கான ஐ.என்.சி-22 படிவம் தனியாகப் போட வேண்டும், மாறிய 30 நாளுக்குள். அது வரை நோட்டீஸ் எல்லாம் பழைய கதவைத்தான் தட்டும்.

2025 பிப்ரவரியில் பதிவு செய்தோம். அந்த மார்ச்சுக்கே கணக்கு முடித்திருக்க வேண்டுமா? (பெரம்பூர்)

வேண்டியதில்லை. ஜனவரி 1-க்குப் பின் பதிவானதால் உங்கள் முதல் நிதியாண்டு 2026 மார்ச் 31 வரை நீளும். முதல் ஏ.ஜி.எம்.முக்கு ஒன்பது மாதம், அதாவது 2026 டிசம்பர் 31 வரை நேரம் உண்டு. ஆனால் பதிவான 180 நாளுக்குள் ஐ.என்.சி-20ஏ (வியாபாரம் தொடங்குவதற்கான அறிவிப்புப் படிவம்) போட்டிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய காகிதக் கட்டில் அதன் சலானைக் காணோம். பதிவு செய்து கொடுத்தவருக்கு இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.