பாலக்காட்டுக் கணவாயில் காத்தாடி: நீங்கள் கேட்டவை

வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து காற்றாலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, காத்தாடி மழை மேகத்தை விரட்டிடும்னு எங்க தோப்புப் பக்கம் பெரியவங்க சொல்றாங்களே, நிஜமா?

இல்லைங்க. இறக்கை நுனி எட்டுவது 150, 200 மீட்டர்தான். மழை தரும் மேகமோ கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து நிற்பது, அதன் ஈரம் அரபிக் கடலிலிருந்து வருவது. மலையின் மேற்கு முகத்திலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிட்டு, கணவாய் வழியாக வெறும் காற்றாக உடுமலை, பல்லடம் பக்கம் போகிறது. காற்று பலமாக அடிக்கும் இடமும் மழை குறைந்த இடமும் ஒன்றாகப் போனதால்தான் பழி காத்தாடி மேல் விழுந்தது. ஆனால் ஒன்று உண்டு, இரவில் மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றை அது கீழே கலக்கிவிடும், அதனால் தரையருகே சூடு லேசாகக் கூடுவதை டெக்சாஸில் செயற்கைக்கோள் அளவீட்டில் பார்த்திருக்கிறார்கள்.

டவுன் ஓரத்துல குடியிருக்கோம் சார். சத்தம் தூங்க விடுமா?

தூரத்தைப் பொறுத்தது. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். வீட்டிலிருந்து குறைந்தது 500 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல். பகலில் லாரிச் சத்தத்தில் கேட்காதது, ஊர் அடங்கியதும் 'உஷ், உஷ்' என்று சீராகக் கேட்கும், அதைப் பிரமை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். விசில் மாதிரி தனியாகக் கேட்டால் இறக்கையின் விளிம்பு அரித்திருக்கலாம். அது சரிசெய்யக்கூடிய பழுது, எழுதிக் கொடுத்து ஆளை வரச் சொல்லுங்கள்.

சாயங்காலம் நிழல் வீட்டுக்குள்ள வெட்டி வெட்டி வருது, வலிப்பு வருமா?

பெரிய காத்தாடி நிமிடத்துக்கு 10 முதல் 20 சுற்றுதான், மூன்று இறக்கை என்றாலும் நொடிக்கு ஒரு வெட்டுக்கு மேல் போகாது. வலிப்பைத் தூண்டும் வேகம் அதைவிட அதிகம். எரிச்சல் நிஜம்தான், அந்த நேரம் மட்டும் நிறுத்தி வைக்க முடியும், கேளுங்கள்.

பறவைங்க?

எனக்கு மனசு கேட்காத விஷயம் இதுதான். பருந்து, கழுகு, வௌவால் எல்லாம் அடிபடுகின்றன. மகாராஷ்டிரத்தின் சால்கேவாடி மேட்டில் காற்றாலை உள்ள இடத்தில் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்து, ஓணான் பெருகியதை 2018இல் வெளியிட்டார்கள். பருந்து போனால் தரையில் ஓடும் உயிர்களின் கணக்கே மாறுகிறது. வழியும் இருக்கிறது. நார்வேயின் ஸ்மோலா தீவில் ஒரு இறக்கைக்குக் கருப்புப் பெயின்ட் அடித்ததில் பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. காற்று குறைந்த ராத்திரிகளில் நிறுத்தினால் வௌவால் பிழைக்கும், அந்த நேரத்தில் மின்சாரமும் சொற்பம்தான். இதைக்கூடச் செய்யாமல் பசுமை மின்சாரம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

பழைய காத்தாடியைக் கழட்டினா என்ன ஆகும் அண்ணா?

கோபுர இரும்பு, செம்புக் கம்பி உடனே விலை போகும். இறக்கை கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது, உருக்க முடியாது, வாங்க ஆளில்லை. நிலம் குத்தகைக்கு விடுகிறவர்கள் அதை யார் எடுத்துப் போவது என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.